நான்கு ராமும் ஒரு குரூப் போட்டோவும்

கல்யாண ஆல்பம் செய்வது என் வேலை. படம் எடுப்பவர்கள் வேறு. அவர்கள் எடுத்துத் தரும் இரண்டாயிரம், மூவாயிரம் படங்களிலிருந்து நூற்றைம்பதைப் பொறுக்கி, மாப்பிள்ளை முகத்தில் வழியும் எண்ணெயைத் துடைத்து, பின்னால் நின்று ஐஸ்கிரீம் தின்பவரை மறைத்து, பக்கம் பக்கமாக அடுக்கி அச்சுக்கு அனுப்புவது நான். சேந்தமங்கலத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் அலுவலகம். ஒரு மேசை, ஒரு கணினி, வருகிறவர்கள் உட்கார மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. ஜன்னலைத் திறந்தால் கொல்லிமலை தெரியும். ஆனால் நாள் முழுக்க அடுத்த வீட்டுக் கல்யாணத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் மலையைப் பார்க்க எனக்கு நேரம் இருப்பதில்லை.

என் கணவர் போர்வெல் வண்டியில் டிரில்லர். வருடத்தில் எட்டு மாதம் வடக்கே ஏதாவது ஒரு மாநிலத்தில் துளை போட்டுக்கொண்டிருப்பார். மீதி நான்கு மாதம் வீட்டில் இருப்பார். அந்த நான்கு மாதமும் கூட வண்டியைப் பற்றியே பேசுவார். எங்கள் குடித்தனத்தில் பாதி வீடியோ காலில் நடப்பது.

என் கணினிக்கு ஆறு வயது. சாதாரணப் படங்களை நன்றாகத்தான் திறந்தது. இப்போதெல்லாம் படம் எடுப்பவர்கள் பெரிய பெரிய கேமரா வைத்திருக்கிறார்கள். ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் பருப்பைக் கடைந்து தாளித்துவிட்டு வந்தால், அது அப்போதுதான் திறந்துகொண்டிருக்கும். ராம் போதவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். கணினி வேலை செய்யும்போது எடுத்த பொருளையெல்லாம் பரப்பி வைத்துக்கொள்ளும் இடம்தான் ராம் என்று எனக்கும் ஒருவழியாகப் புரிந்தது. என் கணினியில் இரண்டு துண்டு ராம் இருந்தது. இன்னும் இரண்டு துண்டுக்கு இடம் காலியாக இருந்தது.

ஆல்பம் அச்சுக்காகச் சேலம் போன ஒரு நாளில், வழக்கமாக மவுஸ், கீபோர்டு வாங்கும் கடையில் கேட்டேன். கடைக்காரர், "கேபினெட்டைத் தூக்கிட்டு வாங்க மேடம், அஞ்சு நிமிஷத்துல மாட்டித் தந்துடறேன்" என்றார். ராசிபுரத்தில் பேருந்து மாறி, கூட்டத்தில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவதை நினைத்துப் பார்த்தேன்.

"குடுங்க, நானே மாட்டிக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய பேச்சு என்று உறைத்தது. அதுவரை அந்தப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக்கூட நான் கழற்றியதில்லை. தூசி துடைப்பதற்கே ஆள் கூப்பிடுவேன். உடைந்த சீப்பு மாதிரி இருந்த இரண்டு துண்டுகளையும் கைப்பையில் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை கணவரைக் கூப்பிட்டு, கைபேசியைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு திருப்புளியை எடுத்தேன். அவரும் கணினியைக் கழற்றியதில்லை. ஆனால் திருப்புளி பிடிக்கிற எந்த வேலையையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு ஒரு தைரியம்.

"மொதல்ல ஜன்னல் கம்பியத் தொடு. ஒடம்புல இருக்கற கரண்டு எறங்கட்டும்" என்றார்.

"எதுக்குங்க, நான் என்ன டிரான்ஸ்பார்மரா?"

"தொடுன்னா தொடு."

தொட்டேன். துண்டை இடுக்கில் வைத்து இரண்டு பக்கமும் அழுத்தினேன். விரலுக்கு வலித்ததே தவிர உள்ளே போகவில்லை. "பயப்படாம அமுக்கு" என்றார். அமுக்கினேன். டக்கென்று ஒரு சத்தம். உடைத்துவிட்டேன் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்து பார்த்தால், இரண்டு பக்கக் கொக்கிகளும் தானாக மூடிக்கொண்டிருந்தன. மாட்டிவிட்டது. அவருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வண்டி ஆட்கள் கை தட்டினார்கள்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். கணினி எழும்போது டெலீட் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் ஒரு பக்கம் வரும், அதில் ராமின் வேகத்தைக் கூட்டும் ஒரு வசதியைப் போட்டுவிடுங்கள், அப்போதுதான் புது ராமின் முழு வேகமும் கிடைக்கும் என்றார். அதையும் செய்தேன். அன்று முழுக்கக் கணினி பறந்தது. படத்தைச் சொடுக்கி விரலை எடுப்பதற்குள் திறந்தது. அன்றைக்குப் பருப்பு கடைய நேரமில்லாமல் போயிற்று.

அதற்கடுத்த நாள்தான் அந்த மணப்பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பின்னால், கண்ணாடிக்குச் சிவப்புக் கயிறு போட்டுக் கழுத்தில் மாட்டிய ஒரு பெரியம்மாள் இறங்கினார்.

"எங்க அத்தைங்கக்கா. அப்பாவோட அக்கா. படம் செலக்ட் பண்ண அவங்களும் வரேன்னாங்க" என்றாள் பெண். கல்யாணமாகி மூன்று வாரம். இன்னும் பத்து நாளில் கணவனோடு பெங்களூரு போகிறாள். அதற்குள் ஆல்பம் வேண்டும்.

அத்தை நாற்காலியில் நன்றாக உட்கார்ந்துகொண்டு, "காட்டு கண்ணு, யாராரு எப்பிடி வந்திருக்கறாங்கன்னு பாக்கலாம்" என்றார்.

முகூர்த்தப் படங்கள் போயின. தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளை வாயைத் திறந்து வைத்திருப்பதை அத்தை கவனித்து, "அதை மூடி உடு" என்றார். பிறகு குடும்பப் படத்துக்கு வந்தோம். அது மற்ற படங்களைப் போல இல்லை. அறுபது பேர் மேடையில் நின்றதால் ஒரே படத்தில் அடங்காமல், படம் எடுத்தவர் ஐந்து துண்டாக எடுத்து ஒன்றாக ஒட்டியிருந்தார். ஆல்பத்தின் நடுவில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து விரிய வேண்டிய படம். நான் திறந்தேன். சட்டென்று திறந்தது. பெருமையாக இருந்தது.

"நான் எங்க நிக்கறேன்?" என்றார் அத்தை.

நடுவில் கொஞ்சம் வலப்பக்கமாக நின்றிருந்தார். அவர் முகத்தைப் பெரிதாக்கினேன். திரை முழுக்க நீலமாகிவிட்டது. நீலத்தின் மேல் பெரிதாக ஒரு முகம், இரண்டு புள்ளிக் கண், கீழ்நோக்கி வளைந்த வாய். கணினி நின்றுபோனால் வரும் அறிவிப்பு அது.

அத்தை கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "இதென்ன கண்ணு, என்னையப் பாத்ததும் மூஞ்சியச் சுளிக்குது?"

"இல்லீங்க அத்தை, கம்ப்யூட்டர் நின்னுபோச்சு. ஒரு நிமிஷம்."

கணினி மறுபடி எழுந்தது. படத்தைத் திறந்தேன். பெரிதாக்கினேன். மறுபடி அதே நீலம், அதே சுளித்த முகம். மணப்பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். சிரித்தால் அத்தை என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"நான் வெளிய போறேன். நான் இல்லாதப்பத் தெறந்து பாரு" என்று அத்தை எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். மூன்றாம் முறையும் திறந்தேன். வாசலிலிருந்து, "தெறந்துச்சா?" என்று குரல் வந்தது. நான் பதில் சொல்வதற்குள் நீலம்.

"இல்லீங்க."

"அதான் படத்துலயே நான் இருக்கறனே. என்னைய எடுத்துப் போடு கண்ணு. உன்ற பொட்டிக்கு என்னையப் புடிக்கல."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் குரலில் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. சரி செய்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வாசல் வரை வந்தேன். அத்தை ஸ்கூட்டர் பக்கம் போனதும் பெண் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, எது போனாலும் பரவால்ல, அந்தப் படம் மட்டும் கண்டிப்பா வேணும். அப்பாவும் அத்தையும் சேந்து இருக்கற ஒரே படம் அதுதான். மூணு வருஷமாப் பேச்சு இல்லை. கல்யாணத்துக்கு வருவாங்களான்னே தெரியல. வந்தாங்க. ஆனா ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கல."

என்ன சண்டை என்று கேட்டேன். புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குத் தம்பி நேரில் போய்த் தட்டு வைத்து அழைக்காமல், பத்திரிகையை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டாராம். கூடப் பிறந்த அக்காவுக்கு வாட்ஸாப்பில் பத்திரிகையா என்று அத்தை போகவில்லையாம். நான் தலையை ஆட்டினேன். வாழை மரமும் மயிலும் வைத்து அந்த வாட்ஸாப் பத்திரிகையை வடிவமைத்தவள் நான்தான். இதை அத்தையிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்த மூன்று நாளும் நான் வேறு வேலை பார்க்கவில்லை. கடைக்காரர், "ராமுல பிரச்சனை வரவே வராது மேடம். சாஃப்ட்வேர்தான். ஃபார்மட் பண்ணிப் பாருங்க" என்றார். படம் திருத்தும் மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். நீலம். வைரஸ் தேடினேன். ஒன்றுமில்லை, நீலம் மட்டும் வந்தது. பக்கத்துச் சந்தில் மாவு மில் ஓடும்போதுதான் கணினி நிற்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மின்சாரம் ஏறி இறங்குகிறது என்று நினைத்து, ஒரு தாளில் மில் ஓடும் நேரத்தையும் கணினி நிற்கும் நேரத்தையும் எழுதினேன். இரண்டும் அச்சாகப் பொருந்தின. மில்காரரிடம் போய்ப் பேசலாம் என்று புடவைகூட மாற்றிக்கொண்டேன். போனால் மில் பூட்டியிருந்தது. அன்று வார விடுமுறை. வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தேன். நின்றது. தாளைக் கிழித்துப் போட்டேன்.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் கணவர் கூப்பிட்டார். வண்டியின் நிழலில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார். நான் ஃபார்மட், வைரஸ், மாவு மில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மென்றுகொண்டே கேட்டார்.

"இதெல்லாம் இருக்கட்டும். முந்தி ஓடுச்சு, இப்ப ஓடல. நடுவுல என்னத்த மாத்துன?"

"ராம் மாட்டுனேன்."

"அப்பறம் எதுக்கு மாவு மில்லுக்குப் போற? வண்டி நின்னுபோனா நாங்க கடைசியாக் கை வெச்ச எடத்துல இருந்துதான் பாப்போம். மாட்டுனதக் கழட்டு. ஓடுதான்னு பாரு."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இவ்வளவு எளிதான விஷயத்தை நான் யோசிக்காமல் போனேனே என்பதுதான் காரணம். உண்மையில் யோசிக்காமல் இல்லை. கழற்றிப் பார்த்துச் சரியாகிவிட்டால், கெடுத்தவள் நான் என்று ஆகிவிடுமே. டக்கென்று கேட்ட அந்தச் சத்தம் எனக்குள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. என் விரல்தான் எதையோ உடைத்துவிட்டது என்று மனதின் ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன். அதற்கு மாவு மில் எவ்வளவோ தேவலை.

ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு, புதுத் துண்டுகள் இரண்டையும் கழற்றினேன். பழையது இரண்டோடு கணினி எழுந்தது. குடும்பப் படம் பருப்பு கடைகிற நேரம் எடுத்துக்கொண்டு திறந்தது, ஆனால் நிற்கவில்லை. அப்படியானால் புதுத் துண்டுதான் கெட்டது, நானல்ல. கடைக்காரரிடம் கேட்பதற்கு நான்கைந்து கேள்விகளை மனதில் தயார் செய்துகொண்டேன். எதற்கும் இருக்கட்டுமென்று பழையதைக் கழற்றிவிட்டுப் புதியது இரண்டை மட்டும் மாட்டிப் பார்த்தேன். அதுவும் ஓடியது. குடும்பப் படமும் திறந்தது.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பழையதும் நல்லது. புதியதும் நல்லது. நான்கையும் சேர்த்து மாட்டினால் அத்தையின் முகத்தில் நீலம்.

இணையத்தில் தேடினேன். யாரோ ஒருவர், துண்டின் அடியில் இருக்கும் தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்க்கச் சொல்லியிருந்தார். கடைக்குப் போய் ஒரு புது ரப்பர் வாங்கி வந்து நான்கையும் பளபளவென்று தேய்த்தேன். இன்னொருவர் ராமைச் சோதிக்கும் ஒரு நிரலைச் சொல்லியிருந்தார். பென்டிரைவில் போட்டு அதிலிருந்து கணினியை எழுப்பினால், அது ராமின் ஒவ்வொரு மூலையிலும் எதையாவது எழுதி, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று திரும்பப் படித்துப் பார்க்கும். தப்பிருந்தால் சிவப்பில் காட்டும். மறுநாள் காலை நான்கையும் மாட்டி அதை ஓடவிட்டேன்.

வெகு நேரம் ஒன்றுமே வரவில்லை. பத்து மணிக்கு மேல் வாசலில், "கண்ணு இருக்கறயா?" என்று குரல் கேட்டது. அத்தை. இந்த முறை தனியாக, டவுன் பஸ்ஸில் வந்திருந்தார். கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம்.

"இந்தப் பக்கமா ஒரு சோலி இருந்துச்சு. அப்பிடியே வந்தேன்" என்றார். என்ன சோலி என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உட்கார்ந்தவர் திரையைப் பார்த்தார். "பொட்டி இன்னிக்கு நல்லாருக்குதா?"

"சோதிச்சுட்டு இருக்கறனுங்க. ராம்ல தப்பு இருக்குதான்னு பாக்குது."

"ராமுவா? அது யாரு?"

விளக்கினேன். கவனமாகக் கேட்டார். "அப்ப என்ற மூஞ்சியால இல்ல?"

"சத்தியமா இல்லீங்க அத்தை. அந்தப் படம் நெம்பப் பெருசு. அதத் தெறந்தாத்தான் நாலு துண்டும் நெரம்புது. அப்பத்தான் தப்பாகுது. நீங்க இருந்தாலும் இல்லாட்டியும் தப்பாகும்."

"அதச் சொல்லு" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மூன்று நாளாக இது அவர் மனதில் கிடந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அந்த நேரத்தில் திரையில் ஒரு சிவப்பு வரி வந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு கடகடவென்று திரை முழுக்கச் சிவப்பு.

"ஐயோ" என்றார் அத்தை.

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மூன்று நாள் கண்ணில் படாமல் திரிந்தது இப்போது கண் முன்னால் நின்றது. கணவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். வண்டி ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் முன்பக்கம் கிளீனர் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"தனித்தனியா நல்லாருக்குது. சேத்துப் போட்டாத் தப்பு வருதுங்க."

"ரெண்டு ஜோடியும் ஒரே மாதிரியா? மேல என்ன எழுதியிருக்குது பாரு" என்றார்.

கணினியை நிறுத்திவிட்டு ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைக் கழற்றினேன். ஒட்டியிருந்த சீட்டில் எழுத்துகள் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தன. நான் கண்ணைச் சுருக்குவதைப் பார்த்து அத்தை தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

"இந்தா, இதைப் புடிச்சுப் பாரு. கீழ்ப் பக்கம் பெருசாத் தெரியும். எனக்கு இது இல்லாட்டி எதுக்கால நிக்கறது ஆணா பொண்ணான்னே தெரியாது."

சிவப்புக் கயிறு என் கையில் தொங்க, பூதக்கண்ணாடி மாதிரிப் பிடித்துப் படித்தேன். பழையதில் 2400 என்று இருந்தது. புதியதில் 3200.

"அது என்ன, வேகமா?" என்றார் கணவர்.

"ஆமாங்க."

"அப்ப நீ எந்த வேகத்துல ஓட்டற?"

கடைக்காரர் சொல்லிப் போட்டுவிட்ட அந்த வசதி நினைவுக்கு வந்தது. "3200-லதான். முழு வேகமும் கெடைக்கும்னு சொன்னாரு."

"புதுசுக்குக் கெடைக்கும். பழசு எப்பிடி அத்தனை வேகத்துல ஓடும்? இப்ப எங்க வண்டியவே பாரு. தொளை போடற ரிக் லாரி நாப்பதுலதான் போவும். பின்னால பைப்பு லாரி எண்பதுல போவும். அதுக்காக எங்கள எண்பதுல ஓட்டச் சொன்னா வண்டி கவுந்துரும். ரெண்டும் சேந்து போவோணும்னா நாப்பதுதான்."

அத்தை கைபேசிப் பக்கம் குனிந்து, "ஏனப்பா, நல்லாச் சொன்ன போ. சோறு தின்னியா?" என்றார். யாரென்று தெரியாமலேயே அவரும், "தின்னாச்சுங்க" என்றார்.

நான்கையும் மாட்டினேன். டெலீட் பட்டனை அழுத்தி அந்தப் பக்கத்துக்குப் போய், 3200 என்று இருந்ததை 2400 ஆக்கினேன். அதற்குள் கழற்றி மாட்டி விரலுக்குப் பழகிவிட்டிருந்தது. சோதனையை மறுபடி ஓடவிட்டுவிட்டு அத்தைக்குக் காப்பி போட்டேன். பிறகு சமைத்தேன், அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்தார். சாப்பிட்டோம். அவர் சோலி என்னவாயிற்று என்று அப்போதும் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவை அடுப்படியிலிருந்து வரும்போதும் இரண்டு பேரும் திரையை எட்டிப் பார்ப்போம். சிவப்பு வரவேயில்லை. மூன்று மணிக்குச் சோதனை முழுதாக முடிந்து பச்சையில் ஒரு வரி வந்தது. தப்பு: பூஜ்யம்.

"இப்பத் தெற" என்றார் அத்தை. புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

படம் திறந்தது. அறுபது பேரும் நின்றார்கள். நான் அத்தையின் முகத்தைப் பெரிதாக்கினேன். பெரிதாயிற்று. இன்னும் பெரிதாக்கினேன். காதுத் தோட்டின் கல் வரைக்கும் தெரிந்தது. நீலம் வரவில்லை. சொல்ல முடியாத நிம்மதியாக இருந்தது.

அத்தை தன்னையே தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "கண்ணாடி இல்லாம நல்லாத்தான் இருக்கறேன். படம் எடுக்கறப்ப மட்டும் கழட்டிருவேன். அப்பறம் அது எங்க போச்சுன்னு ஒரே தேட்டம்."

"எங்க இருந்துச்சு?"

"கையில புடிச்சுட்டு நின்னேன். பக்கத்துல யாரோ வாங்கிக்கிட்டாங்க. எனக்கு ஆள் தெரியல. படம் எடுத்து முடிஞ்சதும் நம்ம கல்யாணப் புள்ளதான் கொண்டாந்து குடுத்தா. சேர் மேல இருந்துச்சுன்னா."

பேசிக்கொண்டே நான் படத்தை மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தேன். அத்தைக்கு அடுத்து ஒரு சிறுமி. அதற்கடுத்து மணப்பெண்ணின் அப்பா, வெள்ளைப் பட்டுச் சட்டையில், விறைப்பாக. "நிறுத்து கண்ணு" என்றார் அத்தை.

நிறுத்தினேன்.

"அந்தச் சோப்பு... அதப் பெருசாக்கு."

எங்கள் பக்கம் சட்டைப் பையைச் சோப்பு என்பார்கள். அதைப் பெரிதாக்கினேன். பைக்குள் மடித்து வைத்த ஒரு கண்ணாடி. வெள்ளைச் சட்டையின் மேல் சிவப்புக் கயிறு சுருண்டு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

அத்தை கழுத்தில் தொங்கிய கயிற்றை ஒரு முறை தொட்டுப் பார்த்தார். பிறகு பையிலிருந்து கைபேசியை எடுத்து, எண்ணைத் தேடி அழுத்திக் காதில் வைத்துக்கொண்டார். மூன்று வருடத்துக்குப் பிறகு பேசப் போகிறாரே, என்ன சொல்லி ஆரம்பிப்பார் என்று நான் நினைத்தேன். அவர் எதுவும் ஆரம்பிக்கவில்லை. நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வது போலக் கேட்டார்.

"ஏந்தம்பி, மேடையில என்ற கண்ணாடிய நீயா வாங்கி வெச்சிருந்த?"

அத்தையின் கைபேசியில் ஒலி பெரிதாக வைத்திருந்ததால் தம்பி சொன்னது எனக்கும் கேட்டது.

"பின்ன, நீ கீழ போட்டு ஒடச்சுப்போடுவியேன்னுதான்."

"அதை எங்கிட்டக் குடுக்கறதுக்கென்ன? எதுக்குப் புள்ளைகிட்டக் குடுத்து உட்ட?"

"நீதான் பேச மாட்டியே."

"நான் பேசாட்டி என்ன? நீ பேச வேண்டியதுதான?"

நான் உள்ளே போய், கழுவின டம்ளரையே மறுபடி கழுவினேன். முன்னறையில் அத்தையின் குரல் ஏறியது, இறங்கியது, வாட்ஸாப் என்ற சொல் இரண்டு முறை வந்தது, பிறகு ஒரு சிரிப்பு. நான் திரும்பி வந்தபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கண்ணாடியை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரிச் சோத்துக்கு வரச் சொல்றான்" என்றார். "நான் போறதா இல்ல. நேர்ல வந்து கூப்பிட்டு வண்டியில கூட்டிட்டுப் போவட்டும்."

அரை மணி நேரத்தில் மணப்பெண்ணின் அப்பா பைக்கில் வந்துவிட்டார். அத்தை என்னிடம், "போயிட்டு வாரேன் சாமி" என்று சொல்லிவிட்டு, அவர் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, "மெதுவா ஓட்டு" என்று தோளில் தட்டினார்.

அவர்கள் போன பிறகு நான் அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஆண்களின் சட்டைப் பையில் பேனா, கைபேசி, சீப்பு, எது துருத்திக்கொண்டிருந்தாலும் நான் அழித்துவிடுவேன். பட்டுச் சட்டை சுத்தமாகத் தெரிய வேண்டும். முதல் நாளே கணினி ஒழுங்காக ஓடியிருந்தால், இந்தக் குடும்பப் படத்தை எடுத்து, அந்தச் சிவப்புக் கயிற்றை இரண்டு நிமிடத்தில் துடைத்துப் போட்டிருப்பேன். என்ன என்று கேட்டிருக்கவும் மாட்டேன். கயிற்றைத் தொடவில்லை. பக்கத்தில் நின்றவரின் பையிலிருந்த பேனாவை மட்டும் எடுத்தேன்.

கடைக்காரரிடம் கேட்க வைத்திருந்த கேள்விகளையும் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். "ஓ, பழசு 2400-ஆ? நீங்க சொல்லவே இல்லையே மேடம்" என்றார். அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, சரிக்குச் சரி. ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டு, ஆத்தூர்ப் பக்கம் ஒருவருக்கு இதே மாதிரி நீலம் வருகிறதாம், அந்தச் சோதனை நிரலின் பெயர் என்ன என்று கேட்டார். நான் பெயரைச் சொன்னதோடு, ஜன்னல் கம்பியையும் தொடச் சொன்னேன்.

பெண் பெங்களூரு கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ஆல்பம் அச்சாகி வந்தது. வாங்கிப் போக அவளோடு அப்பாவும் அத்தையும் வந்தார்கள். மூன்று நாற்காலியும் நிறைந்தன. நான் நின்றுகொண்டு பக்கங்களைத் திருப்பினேன். நடுப்பக்கம் வந்ததும் மூன்று பேரும் முன்னால் குனிந்தார்கள். பெண் ஒரு விரலால் அந்தச் சிவப்புக் கயிற்றைத் தொட்டாள். அப்பா அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னார்.

கடைசிப் பக்கம் முடிந்ததும் அவர் ஆல்பத்தைத் தன் மடியில் வாங்கி, முதலிலிருந்து ஒவ்வொரு பக்கமாக மறுபடி பார்க்க ஆரம்பித்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"என்னங்கப்பா பண்றீங்க?" என்றாள் பெண்.

"அக்கா படம் ஒம்போது இருக்குது. பொண்ணைப் பெத்தவன் நான். என்ற படம் ஆறுதான் இருக்குது."

"மூஞ்சி எப்பிடியோ அப்பிடித்தான படம் வரும்" என்றார் அத்தை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே.